தரையில் விழாத நாகலிங்கப் பூ

கோவிட் முடிந்து, சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலம் மறுபடி திறந்ததற்கு அடுத்த ஆண்டு நடந்தது இது. அப்போது நாங்கள் ஜொகூர் பாருவில் குடியிருந்தோம். நானும் என் மனைவியும் தினமும் காலையில் நடக்கப் போகும் தாவரவியல் பூங்காவில்தான் இந்தச் சம்பவம் நடந்தது. கடலோரச் சாலையிலிருந்து மேடேறினால் பூங்காவின் வாசல் வந்துவிடும். உள்ளே போய்விட்டால் பெரிய பெரிய மரங்கள், அவற்றுக்கு நடுவே வளைந்து போகும் பாதை. ஓர் இடத்தில் மரக்கிளைகளுக்கு இடையே சிங்கப்பூர் தெரியும்.

நடப்பதில் எனக்கு ஆசையெல்லாம் கிடையாது. இருபத்தாறு வருடம் சிங்கப்பூர் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தவன் நான். விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் பாலத்து நெரிசலில் ஊர்ந்து போய், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவேன். ஓய்வு பெற்றதும் கால் நீட்டிப் படுக்கலாம் என்றிருந்தேன். டாக்டர் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டார். அது போதாதா என் மனைவிக்கு? மறுநாளே காலணி வாங்கிக் கொடுத்துப் பூங்காவுக்கு இழுத்துப் போய்விட்டாள்.

நான் வேகமாக நடப்பேன். சீக்கிரம் முடித்துவிட்டு ரொட்டி சானாய்க் கடைக்குப் போய்ப் பசியாற வேண்டும் என்பது என் கணக்கு. அவள் அப்படியில்லை. எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் காலை வணக்கம் சொல்வாள். சீனத் தாத்தா, மலாய்க்காரப் பெண், காவலாளி, யாரையும் விட மாட்டாள். மரத்தில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகையை எல்லாம் நின்று படிப்பாள். நான் இருபதடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்து முறைத்துக்கொண்டு நிற்பேன்.

இதெல்லாம் போதாதென்று வளைவில் ஒரு நாகலிங்க மரம் இருந்தது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். பீரங்கிக் குண்டு மாதிரி காய்களும் தொங்கும். அந்த மரத்தடிக்கு வந்தால் அவள் குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்ப்பாள், காலுறையைக் கழற்றுவாள், வெறுங்காலோடு மரத்தருகே போய்க் கைகூப்பி ஒரு நிமிடம் நிற்பாள். பிறகு மறுபடியும் காலுறை, காலணி, கயிறு. எனக்குப் பொறுமையே இருக்காது.

அவளுக்கு அந்தப் பூவை ஒருநாளாவது வீட்டு விளக்குக்கு வைத்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் வைக்க வழியில்லை. பூங்காவில் பூ பறிக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது, அதை அவள் மீற மாட்டாள். கீழேதான் அவ்வளவு கிடக்கிறதே, ஒன்றை எடுத்துக்கொள் என்பேன். மண்ணில் விழுந்தது சாமிக்கு ஆகாது என்பாள். இமிகிரேஷனில்கூட இத்தனை சட்டம் இல்லை, உன் சாமிக்கு இருக்கிறதே என்று கிண்டல் செய்வேன். அவளும் சிரித்துக்கொண்டே வாசனையை மட்டும் இழுத்துக்கொண்டு வருவாள். இப்படியே ஐந்தாறு வருடம் போனது. நடுவில் கோவிட் வந்து பூங்காவை மூடி வைத்திருந்த மாதங்களில்கூட அந்த மரம் இப்போது பூத்திருக்குமே என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

பிறகுதான் அவளுக்கு வயிற்று வலி வந்தது. முதலில் கேஸ் என்று நினைத்து ஓமம் போட்டுக் குடித்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் கட்டி, அறுவை செய்து எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்த பிறகுதான் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்ல முடியுமாம். நடையெல்லாம் நின்றுபோனது. மூன்று வாரத்தில் தேதி கிடைத்தது, ஒரு செவ்வாய்க்கிழமை.

திங்கட்கிழமை அவளைச் சேர்த்துவிட்டு வந்தேன். கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றுதான். காலையில் விளக்கை மட்டும் ஏற்றிவிடுங்கள் என்றாள். பூ கேட்கவில்லை. நான் கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் ஒருநாளும் விளக்கேற்றியவனில்லை. அன்றைக்கு வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அவள் இல்லாத வீடு எப்படியிருக்கும் என்று தெரிந்துவிட்டது. ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. கடையில் மல்லிகைச் சரம் வாங்கியிருக்கலாம். ஆனால் அவள் இத்தனை வருடம் ஆசைப்பட்டது அந்த நாகலிங்கப் பூவுக்குத்தானே. அதைக் கொண்டுவந்து வைத்தால்தான் அவள் பிழைப்பாள் என்று, கிண்டல் செய்தே காலம் தள்ளிய எனக்கே தோன்றிவிட்டது.

மறுநாள் பூங்கா திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனேன். கையில் அவளுடைய சாப்பாட்டு டப்பா. மரத்தடியில் யாருமில்லை. கைக்கு எட்டின பூ ஒன்றைப் பிடித்து இழுத்தேன். இதழ்கள் மட்டும் கையோடு வந்தன. இரண்டாவது பூவைக் காம்போடு திருகினேன், கொத்தே ஒடிந்து தொங்கிவிட்டது. ஒருவழியாக முழுப் பூவாக ஒன்றை எடுத்து டப்பாவில் வைக்கும்போது பின்னால் குரல் கேட்டது. திரும்பினால் பூங்காவைக் கூட்டும் மலாய்க்கார அம்மா, கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தலைத்துணிக்கு மேலே தொப்பி போட்டிருந்தார்.

பறிக்கக் கூடாது அங்கிள் என்று மலாயில் சொன்னார். அதட்டலாகச் சொல்லவில்லை. நான் பறிக்கவில்லை, கை பட்டது, விழுந்துவிட்டது என்றேன். சொல்லும்போதே என் சட்டையெல்லாம் மகரந்தம். அவர் ஒடிந்து தொங்கின கொத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, வேண்டுமானால் கீழே கிடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், இப்போதுதான் விழுந்தவை என்றார்.

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? பயம், தூக்கமில்லாதது, பிடிபட்ட வெட்கம், எல்லாம் சேர்ந்து அந்த அம்மாமேல் பாய்ந்தது. எப்படியும் விழப்போகிற பூதானே, நீ கூட்டிக் குப்பையில்தானே கொட்டப் போகிறாய், உனக்கென்ன நஷ்டம் என்றேன். கீழே கிடப்பதை எடுக்க நான் என்ன பிச்சைக்காரனா, தரை முழுக்க அழுக்கு, அந்த அழுக்கை எடுத்துப் போய்ச் சாமிக்கு வைக்கச் சொல்கிறாயா என்றேன். மலாயில் 'கோத்தோர்' என்றால் அழுக்கு. அந்த வார்த்தையை இரண்டு தடவை சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை.

"இப்பத்தான் கூட்டினேன், அங்கிள்" என்றார்.

அவ்வளவுதான். அப்போதுதான் கீழே பார்த்தேன். மரத்தைச் சுற்றித் தரை சுத்தமாக இருந்தது. துடைப்பக் கோடுகூடத் தெரிந்தது. அதன் மேல் புதிதாக விழுந்த நாலைந்து பூக்கள் மட்டும் கிடந்தன. ஆனாலும் ரோஷம் மட்டும் குறையவில்லை. டப்பாவைத் திறந்து, பறித்த பூவை அவர் கூட்டிய தரையிலேயே போட்டுவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். பூ இல்லாமல்தான் அன்று விளக்கேற்றினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால், ஓர் அவசர கேஸ் வந்துவிட்டது, உங்கள் மனைவிக்கு வியாழக்கிழமைதான் என்றார்கள். பாவம், வயிற்றைச் சுத்தம் செய்ய மருந்து குடித்து, பட்டினி கிடந்து, அவள் துவண்டு போயிருந்தாள். நான் செய்த காரியத்துக்குத்தான் அவளுக்குத் தண்டனை என்று எனக்குப் பட்டது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மறுபடியும் பூங்காவுக்குப் போனேன். நாகலிங்க மரத்துப் பக்கம் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் தூரத்திலிருந்தே ஏதோ நீலமாகத் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பழைய குடை ஒன்றை விரித்துத் தலைகீழாகப் பூங்கொத்துகளுக்குக் கீழே யாரோ தொங்கவிட்டிருந்தார்கள். நாலு பக்கமும் ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். குடைக்குள் மூன்று பூக்கள் கிடந்தன. முழுப் பூக்கள், ஓர் இதழ்கூடக் கசங்கவில்லை.

அந்த அம்மா பாதையோரம் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்தார். வாசலில் இருக்கும் தமிழ்க் காவலாளியிடம் நேற்றே விசாரித்தாராம். சாமிக்கு வைக்கிற பூ மண்ணைத் தொடக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது குடையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார் இவர்.

"எங்கள்லயும் குர்ஆனைத் தரையில வைக்க மாட்டோம். அது மாதிரிதானே?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன். உங்கள் வீட்டு அக்கா எங்கே, மூன்று வாரமாகக் காணோமே என்று அடுத்துக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடத்தில் இவரை நான் பார்த்ததாகவே நினைவில்லை. இவர் எங்களை நாள் கணக்கு வைத்துத் தேடியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நாளைக்கு ஆபரேஷன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. குடையைத் தாழ்த்திப் பிடித்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கை காட்டினார். நான் பூக்களை எடுத்துக்கொண்டேன். நேற்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 'தெரிமா காசே' என்று நன்றியை மட்டும் முணுமுணுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

நாலைந்து தீக்குச்சிகளை வீணாக்கி விளக்கை ஏற்றி, மூன்று பூவையும் வைத்தேன். வீடு முழுக்க வாசனை. பெரிய சாதனை செய்தவன் மாதிரி மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், பூ எப்படிக் கிடைத்தது என்றுதான் முதலில் கேட்டாள். குடை கட்டிய கதையைச் சொன்னேன். முதல் நாள் கதையை மட்டும் மழுப்பினேன். முப்பத்தைந்து வருடம் என்னோடு குடித்தனம் செய்தவளிடம் மழுப்ப முடியுமா?

"நீங்க அவங்களை என்ன சொன்னீங்க?" என்றாள்.

சொன்னேன். கோத்தோர் என்ற வார்த்தையையும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலி வந்துவிட்டதோ என்று பயந்து நர்ஸைக் கூப்பிடப் போனேன். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு மெதுவாக அந்த விஷயத்தைச் சொன்னாள்.

சில வருடங்களுக்கு முன் ஒருநாள் மரத்தடியில் வெறுங்காலோடு நிற்கும்போது அவள் காலில் குச்சி குத்தி ரத்தம் வந்துவிட்டதாம். இருபதடி முன்னால் போய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாது. அந்த அம்மா பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து காலையில் வந்ததும் வேறெங்கும் கை வைக்காமல் முதலில் அந்த மரத்தடியைத்தான் கூட்டுவாராம், இவள் வந்து நிற்பதற்காக. முட்டி வலியோடு குனிந்து குச்சிகளைக் கையாலேயே பொறுக்குவாராம்.

மூன்று வாரமாக இவள் போகவேயில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை அந்தத் தரை சுத்தமாகத்தானே இருந்தது? யார் காலுக்காகக் கூட்டி வைத்திருந்தாரோ, அவள் புருஷன் வந்து அழுக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அந்த வார்டில் ஆறு கட்டில். பார்வை நேரம், எல்லாக் கட்டிலைச் சுற்றியும் ஆட்கள். அதையெல்லாம் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

"பூ வச்சது போதும். காலையில போயி அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. அப்பத்தான் நான் நிம்மதியா உள்ள போவேன்" என்றாள் அவள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஆபரேஷன். ஏழரைக்கெல்லாம் அவளை அழைத்துப் போய்விடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். கதவு திறக்கும்போதே பூங்காவுக்குள் ஓடினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மலாயில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். குடை இருந்தது, அதில் இரண்டு பூவும் இருந்தன. அந்த அம்மா இல்லை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடினேன். வாசலுக்கு ஓடி வந்து காவலாளியைக் கேட்டால், அவருக்கு இன்று லீவு அண்ணே, நாளைக்குத்தான் வருவார் என்கிறார்.

திரும்பவும் மரத்தடிக்குப் போனேன். அன்றுதான் கூட்டாத தரையைப் பார்த்தேன். இலை, குச்சி, நசுங்கின பூ, ஓடு வெடித்து நாற்றமடிக்கும் காய், அதை மொய்க்கும் ஈ. காலணியோடு நிற்கவே கூச்சமாக இருந்தது. ஒரு ராத்திரியில் இவ்வளவு விழுகிறது என்றால் இத்தனை வருடத்தில் எவ்வளவு விழுந்திருக்கும்? குச்சி குத்திய அந்த நாளுக்குப் பிறகு என் மனைவி ஒருநாளும் அதன் மேல் கால் வைத்ததில்லை. நான் ஒருநாளும் அதை யோசித்ததில்லை. நேரமாகிவிட்டது. ஒரு பூவை மட்டும் டப்பாவில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பச்சை உடை மாட்டித் தள்ளுகட்டிலில் தயாராகப் படுத்திருந்தாள். டப்பாவைத் திறந்து காட்டினேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். கேட்டீங்களா என்று கண்ணாலேயே கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். உள்ளே போகப் போகிறவளிடம், கேட்டுவிட்டேன், மன்னித்துவிட்டார் என்று சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். வாய் வரவில்லை. இன்றைக்கு லீவாம் என்றேன்.

அவள் டப்பாவை மூடி என் கையில் கொடுத்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப நான் திரும்பி வந்தாத்தான் ஆகும். உங்களைத் தனியா அனுப்புனா சரிவராது. ரெண்டு பேருமா போயி கேப்போம்" என்றாள்.

தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நாலு மணி நேரம் வெளியில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. ரெண்டு பேருமா போயி கேப்போம் என்று அவள் சொன்னதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து, கட்டியை முழுதாக எடுத்துவிட்டோம் என்றார். இரண்டு வாரம் கழித்து, வேறெங்கும் பரவவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அவள் வீட்டுக்கு வந்தாள். ஆனால் படியிறங்கி நடக்க மூன்று மாதம் ஆனது. அதுவரை நான் பூங்கா பக்கமே போகவில்லை. அவளோடுதான் போவது என்று வைத்திருந்தேன்.

அந்த அம்மா எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்து என் மனைவியின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டார்கள், எங்கே வலி, என்ன சாப்பிடுகிறாய் என்று. நான் ஓரமாக நின்றேன். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். மூன்று மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், அன்றைக்கு நான் பேசியது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். பெரிய மனசோடு, பரவாயில்லை, நான் எப்போதோ மறந்துவிட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"ரெண்டு நாள் எனக்குக் கோபம் அங்கிள். குடையைக் கட்டும்போதும் கோபமாத்தான் கட்டினேன். உங்களுக்காகக் கட்டலை, அக்காவுக்காகக் கட்டினேன்" என்றார்.

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார், என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் கண் கலங்கிவிட்டது. இப்போது கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். கொஞ்சம் பாக்கி இருக்கிறது, தினமும் வந்து நடங்கள், குறைந்துவிடும் என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அங்கே நடந்தோம். என் வாழ்க்கையில் நல்ல காலைகள் என்றால் அவைதான். நடையின் வேகத்தை அவள் காலுக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டேன். மரத்தடியில் காலணியின் கயிற்றை நான்தான் குனிந்து அவிழ்த்துவிடுவேன், அவளுக்கு வயிற்றை மடக்கக் கூடாது. அந்த அம்மாவுக்குத் தீபாவளிக்குக் கொடுத்த முறுக்குக்குப் பதிலாக நோன்புப் பெருநாளுக்கு ஒரு டப்பா பிஸ்கட் வரும். பிறகு மகள் வீட்டோடு இருக்கலாம் என்று மூவாருக்கு வந்துவிட்டோம். இங்கே ஆற்றோரமாக நடக்கிறோம். நல்ல காற்றுதான், குறையொன்றும் இல்லை. ஆனாலும் காலையில் விழிப்பு வந்ததும் மனசு முதலில் அந்தப் பூங்காவின் மேட்டில்தான் ஏறுகிறது.

கோபமெல்லாம் தீர்ந்த பிறகுதான் ஒருவருக்கு நல்லது செய்ய முடியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனாலேயே அண்ணன் தம்பி, அக்கம் பக்கம் என்று பலருக்கு ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கிறேன். கோபம் நெஞ்சில் இருக்கும்போதே கை குடையைக் கட்ட முடியும் என்று அந்த அம்மா காட்டிக் கொடுத்ததை, அறுபத்தைந்து வயதில் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.